சிரியா: அசாத் ஓடி ஓராண்டு. அவரிடம் சம்பளம் வாங்கியவர்களை என்ன செய்வது?

யமுனைக்கரையான் (மயூர் விஹார்)

2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு ஓராண்டு முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 27இல் இத்லிப் பக்கமிருந்து கிளம்பிய படை சில நாட்களில் அலெப்போவைப் பிடித்தது. டிசம்பர் 5இல் ஹமா, அதற்கடுத்து ஹோம்ஸ், 8ஆம் தேதி விடியும்போது டமாஸ்கஸ். பஷார் அல் அசாத் மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டார். 1970இல் அப்பா ஹபீஸ் பிடித்த ஆட்சி அது. 2000இல் அப்பா இறந்ததும் மகனுக்கு வயது போதவில்லை என்று அரசமைப்பில் இருந்த 40 வயது நிபந்தனையை 34 ஆக்கிக் கொடுத்தார்கள். பதின்மூன்று வருடப் போரிலும் சாயாத ஆட்சி, பன்னிரண்டு நாளில் சாய்ந்தது.

இங்கே வரும் செய்திகளில், அந்தப் படையை நடத்தி இப்போது இடைக்கால அதிபராக இருக்கும் அஹ்மத் அல் ஷரா வெள்ளை மாளிகைக்குப் போனதும் பொருளாதாரத் தடைகள் தளர்ந்ததும்தான் பெரிதாக இருக்கின்றன. எனக்கு உறுத்துவது வேறு. அசாத் போய்விட்டார். அவருடைய சிப்பாய்கள், சிறைக் காவலர்கள், வரி அலுவலக எழுத்தர்கள், கட்சி அட்டை வாங்கினால்தான் வேலை என்று அட்டை வாங்கிய பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். இவர்களை வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா?

என் கருத்து: அனுப்பக் கூடாது. உத்தரவு போட்டவனையும் கொன்றவனையும் பிடியுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுங்கள். கையில் துப்பாக்கியோடும் பையில் காசில்லாமலும் ஒருவனை ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இராக்கில் பார்த்தாயிற்று. சங்கத்தில் நண்பர்களோடு பேசியபோது பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே விரிவாகப் பேசலாமே என்று இழையைத் தொடங்குகிறேன்.


முனிர்க்கா மாணவி

அண்ணா, இராக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஆய்வுக்காக நான் படித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

2003 ஏப்ரல் 9இல் பாக்தாத் விழுந்தது. அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமர் மே மாதத்தில் வந்து இறங்கியதும் இரண்டு ஆணைகள் போட்டார். மே 16இல் வந்த முதல் ஆணை, சதாம் உசேனின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்த எல்லாரையும் அரசு வேலையிலிருந்து நீக்கியது. அமைச்சகம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று எங்கும் மேல் மூன்று அடுக்குப் பதவிகளில் கட்சியின் முழு உறுப்பினர் யார் இருந்தாலும் வெளியே. தனித்தனியாக யார் என்ன செய்தார் என்ற விசாரணை கிடையாது, பதவிதான் குற்றம். மே 23இல் வந்த இரண்டாவது ஆணை ராணுவத்தையே கலைத்தது. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். அவர்களில் பெரும்பாலோர் போரின்போதே சீருடையைக் கழற்றி, துப்பாக்கியோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பி வரக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு "உங்களுக்கு வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை" என்று தகவல் போனது. பாக்தாத் தெருவில் ஆர்ப்பாட்டம் வெடித்து ஆட்கள் செத்த பிறகு, ஜூன் மாதக் கடைசியில் ஏதோ உதவித்தொகை அறிவித்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பதினொரு வருடம் கழித்து இஸ்லாமிய அரசு என்று ஒரு படை மொசூலைப் பிடித்தபோது, அதன் ராணுவத் திட்டங்களை வகுத்தவர்களில் சதாமின் பழைய அதிகாரிகள் இருந்தார்கள். ஹாஜி பக்ர் என்று அறியப்பட்டவர் சதாம் படையில் கர்னலாக இருந்தவர். எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு ஆணைகள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்த, பயிற்சி பெற்ற, அவமானப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை ஒரே மாதத்தில் உருவாக்கிக் கொடுத்தது அவைதான்.

சிரியாவிலும் 2025 ஜனவரி 29இல் இதே காரியத்தைச் செய்தார்கள். படைத் தளபதிகள் கூடி ஷராவை இடைக்கால அதிபராக அறிவித்த அன்றைக்கே, அங்கேயும் பாத் என்றே பெயர் கொண்ட அசாதின் கட்சி, பழைய ராணுவம், உளவுத் துறைகள், நாடாளுமன்றம் எல்லாவற்றையும் கலைத்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. டிசம்பர் மாதத்திலேயே ஊர் ஊராகத் தீர்வு மையங்கள் திறந்து, சிப்பாய்கள் வரிசையில் நின்று ஆயுதத்தை ஒப்படைத்துத் தற்காலிக அடையாள அட்டை வாங்கிப் போனார்கள். உயிர் பயம் கொஞ்சம் தணிந்தது. வருமானம்தான் வரவில்லை.


செங்கதிர் (துவாரகா)

யமுனைக்கரையான் சார், உங்களை மதிக்கிறேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது கோபம் வந்தது.

செட்னாயா சிறையில் 2011 செப்டம்பருக்கும் 2015 டிசம்பருக்கும் இடையே மட்டும் 5,000 முதல் 13,000 பேர் வரை தூக்கிலிடப்பட்டிருக்கலாம் என்று 2017இல் ஆம்னஸ்டி அறிக்கை சொன்னது. நள்ளிரவில், கூட்டம் கூட்டமாக. அந்தக் கதவின் சாவியை வைத்திருந்தவனும் சம்பளக்காரன்தான். சடலங்களை வண்டியில் ஏற்றியவனும் மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கியவன்தான். ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் 2013இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியே கடத்திக்கொண்டு வந்தாரே, எலும்பும் தோலுமான உடல்கள், நெற்றியில் எண் ஒட்டியபடி. அந்த எண்ணை ஒட்டியவனுக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறீர்களா?

உத்தரவு போட்டவர்கள் மாஸ்கோவிலும் பெய்ரூத்திலும் இருக்கிறார்கள். கைக்கு எட்டுகிறவர்கள் இந்தக் கீழ்நிலை ஆட்கள் மட்டுமே. அவர்களையும் விட்டுவிட்டால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு மிச்சம் என்ன?


வவுனியா மகள் (லஜ்பத் நகர்)

செங்கதிர் அண்ணா கேட்ட கேள்விக்கு என்னால விலகி நிக்க ஏலாது.

எங்கட ஊரில காணாமல் ஆக்கப்பட்டவர்களின்ர அம்மாமார் கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில தொடங்கின போராட்டம் வருசக்கணக்கா நடந்துகொண்டே இருக்குது. போராடிக்கொண்டே செத்துப்போன அம்மாமார் கனபேர். இலங்கை அரசாங்கம் 2016இல ஒரு சட்டம் கொண்டுவந்து காணாமல் போனோர் அலுவலகம் எண்டு ஒண்டைத் திறந்தது. நட்டஈடு தாறம், இறப்புச் சான்றிதழ் தாறம் எண்டவை. அம்மாமார் காசு கேக்கேல்ல. கையில பிடிச்சுக் குடுத்த பிள்ளை எங்க, ஆரிட்டக் குடுத்தனாங்கள், அவன்ர பெயர் என்ன எண்டுதான் கேக்கினம்.

சிரியாவில காணாமல் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல எண்டு சொல்லுறாங்கள். செட்னாயா கதவு திறந்த அண்டைக்கு சனம் ஓடிப்போய் நிலத்தில கிடந்த பதிவேடுகளை அள்ளி அள்ளிப் பாத்தவை. மழையில, சேத்தில, கால் மிதிபட்டுக் கிடந்த காகிதங்கள். உளவுத்துறை அலுவலகங்களில சிலது எரிஞ்சும் போச்சுது. அந்த வீடியோக்களைப் பாத்து நான் அழுதது கைதிகள் வெளியில வந்ததுக்காக இல்லை. அந்தக் காகிதத்துக்காக. ஒரு தாளில ஒரு பிள்ளையின்ர பெயரும் அவனை விசாரிச்சவன்ர கையெழுத்தும் இருந்திருக்கும். அது மிதிபட்டுப் போனால் அந்த அம்மாவுக்கு இனி ஆர் பதில் சொல்லுறது?

அதால நான் கேக்கிறது இதுதான்: கீழ்நிலை ஆக்களை வேலையில வச்சிருங்கோ, வீட்டை அனுப்புங்கோ, எனக்கு அது இரண்டாவது. முதல்ல அவையின்ர வாயைத் திறக்க வையுங்கோ.


பழைய டெல்லிக்காரர் (கரோல் பாக்)

மகள் வவுனியா எழுதியதை இரண்டு முறை படித்தேன். காகிதம் என்று அவர் சொன்னதால் எனக்குத் தெரிந்த காகிதக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 1970களில் இங்கே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவன். 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை வந்தது, 1977 மார்ச் 21இல் போனது. நம்முடைய 21 மாதத்தை சிரியாவின் 54 வருடத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் "பழைய ஆட்சியின் ஆட்களை என்ன செய்வது" என்ற கேள்வியை நம் நாடும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறது.

ஜனதா அரசு 1977 மே மாதம் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தது. பாட்டியாலா ஹவுஸில் விசாரணை. அலுவலகத்தில் எல்லாரும் மறுநாள் பத்திரிகைக்காகக் காத்திருப்போம். இந்திரா காந்தி வந்தார், சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்களைப் போன்ற எழுத்தர்களை உலுக்கியது அதிகாரிகளின் சாட்சியம். வீடுகளை இடித்ததற்கும் ஆட்களைப் பிடித்ததற்கும் கோப்பு எங்கே என்று கேட்டால், மேலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்தது என்றார்கள் ஒருவர் பின் ஒருவராக. எழுத்தில் இருந்ததை வைத்து ஆணையம் ஒன்றை நிறுவியது: விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் 34,988 பேர், பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர் உள்ளே போயிருந்தார்கள். பெயரும் தேதியும் கோப்பில் இருந்ததால் அந்தக் கணக்கு நின்றது.

பிறகு 1980 ஜனவரியில் அதே தலைவி மீண்டும் பிரதமர். அந்த அறிக்கை சந்தையிலும் நூலகங்களிலும் கிடைக்காமல் போயிற்று. நம் ஊர்க்காரர் இரா. செழியன் தம்மிடம் இருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து 2010இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஒரு நாடாளுமன்றவாதி தன் அலமாரியில் வைத்திருந்ததால்தான் இன்றைய பிள்ளைகள் அதைப் படிக்க முடிகிறது.

ஆட்சி மாற்றம் என்பது எந்த நேரமும் திரும்பிப் புரளக்கூடியது. டமாஸ்கஸில் இன்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நாளை இருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டியதை எழுதி, நாலைந்து இடத்தில் பிரதி வைத்துவிட வேண்டும்.


செங்கதிர் (துவாரகா)

ஐயா, சென்னையிலும் அதுதானே நடந்தது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த பிறகு சென்னை மத்தியச் சிறையில் விழுந்த அடியில் சிட்டிபாபு 1977 ஜனவரியில் செத்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்து அங்கே நடந்ததை எழுதி வைத்தது. எங்கள் வீட்டில் இன்றும் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். எழுதியது சரி. அடித்தவர்கள் என்ன தண்டனை பெற்றார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெறும் அறிக்கையோடு நிற்கச் சொல்கிறீர்களா?


பழைய டெல்லிக்காரர் (கரோல் பாக்)

நிற்கச் சொல்லவில்லை தம்பி. அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1983இல் ராணுவ ஆட்சி போனது. அடுத்த வருடமே காணாமல் போனவர்களைப் பற்றிய ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1985இல் தளபதிகள் கூண்டில் ஏறினார்கள். உடனே ராணுவம் உறுமியது, 1986இலும் 87இலும் கீழ்நிலை அதிகாரிகளைக் காப்பாற்றச் சட்டம் வந்தது, பிறகு தளபதிகளுக்கும் மன்னிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் சாட்சியங்கள் எழுத்தில் இருந்தன, அம்மாக்கள் சதுக்கத்தில் சுற்றி வருவதை நிறுத்தவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் விடேலா 2013இல் சிறையில்தான் இறந்தார். காகிதம் இருந்தால் வழக்கு இருபது வருடம் தூங்கினாலும் எழுந்து வரும். காகிதம் இல்லாவிட்டால் தண்டனை கொடுக்க மனம் இருந்தும் யாருக்குக் கொடுப்பது?


நெறியாளர்

நல்ல விவாதம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு மதத்தாரையோ பிரிவாரையோ மொத்தமாக வசைபாடும் எதுவும் இங்கே நிற்காது. தொடருங்கள்.


முனிர்க்கா மாணவி

நெறியாளர் நீக்கியது சரி. ஏனென்றால் சிரியாவில் 2025 மார்ச்சில் நடந்ததே அதுதான்.

அசாத் குடும்பம் ஷியா வழிவந்த அலவிப் பிரிவு. நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அலவி, பெரும்பாலும் லடாக்கியா, டார்டஸ் கரையோர மாவட்டங்கள். உளவுத் துறையிலும் படையின் முக்கியப் பிரிவுகளிலும் அவர்களை ஏற்றி வைத்தது ஆட்சி. அலவி மலைக் கிராமங்களின் வறுமையோ அப்படியே இருந்தது. பையன்களுக்குப் படையில் சேர்வதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

மார்ச் 6இல் அசாத் விசுவாசிகளான ஆயுதக்காரர்கள் கரையோரத்தில் புதிய அரசின் பாதுகாப்புப் படைமீது பாய்ந்தார்கள். 238 படையினர் செத்தார்கள் என்று அரசின் உண்மை அறியும் குழு பின்னர் சொன்னது. அதற்குப் பதிலடி என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆயுதம் தாங்கிய கூட்டங்கள் கரையோரத்துக்கு ஓடின. அடுத்த மூன்று நான்கு நாட்களில் வீடு வீடாகப் புகுந்து "நீ அலவியா?" என்று கேட்டுச் சுட்டார்கள். அதே குழு ஜூலையில் சொன்ன கணக்கு: கொல்லப்பட்டவர்கள் 1,426 பேர், பெரும்பாலும் பொதுமக்கள்.

"கீழ்நிலை ஆட்களையாவது பிடிப்போம்" என்று செங்கதிர் அண்ணா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யார் செய்தான் என்ற பெயர் இல்லாத இடத்தில் அந்தக் கோபம் பிரிவின் மேல் போய் விழுகிறது. செட்னாயா காவலனின் பெயர் தெரியாது, அவன் அலவியாக இருந்திருப்பான் என்பது மட்டும் தெரியும். அதனால் கரையோரத்துப் பானியாஸில் கடை வைத்திருந்தவன் சாகிறான்.

வவுனியா அக்கா காகிதத்தைப் பற்றி எழுதியதும் யமுனைக்கரையான் அண்ணா சம்பளத்தைப் பற்றி எழுதியதும் எனக்கு ஒரே கேள்வியாகத் தெரிகின்றன. பெயர் வெளியே வந்தால்தான் பெயர் இல்லாதவன் நிம்மதியாக வேலைக்குப் போக முடியும். கொலைகாரன் யார் என்று சொல்லாதவரை அந்தப் பிரிவில் பிறந்த எல்லாருமே சந்தேக வட்டத்துக்குள்தான்.


காயல் ஹமீது (ஓக்லா)

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி எழுதியதோடு ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன்.

சிரியாவை "சுன்னிகள் எதிர் மற்றவர்கள்" என்று மட்டும் பார்க்காதீர்கள். 1982இல் ஹபீஸ் அல் அசாத் ஹமா நகரத்தைச் சுற்றி வளைத்துக் குண்டு போட்டபோது செத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெரும்பாலும் சுன்னிகள். அதே ஆட்சியில் சுன்னி வணிகர்களும் சுன்னி அமைச்சர்களும் கடைசி நாள்வரை இருந்தார்கள். அலவிகளிலும் அசாதை எதிர்த்துச் சிறையில் பல வருடம் கிடந்தவர்கள் உண்டு. பிரிவை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

மார்ச் 13இல் ஷரா கையெழுத்திட்ட இடைக்கால அரசமைப்புப் பிரகடனம் ஐந்தாண்டு இடைக்காலம் என்கிறது. அதிபர் முஸ்லிமாக இருக்க வேண்டும், சட்டத்தின் பிரதான ஊற்று இஸ்லாமியச் சட்டவியல் என்கிறது. பழைய அரசமைப்பிலும் அதிபரின் மதம் பற்றிய நிபந்தனை இருந்தது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. நான் இந்த நாட்டில் சிறுபான்மை. அரசமைப்பு என்னை மற்ற எல்லாரோடும் சமமாக எண்ண வேண்டும் என்று இங்கே கேட்கிறேன். அங்கே இருக்கும் கிறிஸ்தவனுக்கும் ட்ரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்தாருக்கும் அலவிக்கும் அதையே கேட்காவிட்டால் என் கோரிக்கைக்கு என்ன மதிப்பு? ஜூன் 22இல் டமாஸ்கஸ் மார் எலியாஸ் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டின்போது ஒருவன் குண்டோடு புகுந்து 25 பேரைக் கொன்றானே, அந்தக் குடும்பங்கள் புதிய அரசமைப்பைப் படிக்கும்போது தங்கள் இடம் எங்கே என்று தேடமாட்டார்களா?

மார்ச் 29இல் அமைத்த 23 பேர் அமைச்சரவையில் ஒரு பெண், ஹிந்த் கபாவத், அவர் கிறிஸ்தவர். வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் என்று பெயர் பெற்ற மீட்புப் படையின் தலைவர் ராயித் அல் சாலிஹும் அமைச்சர். அலவி ஒருவர், ட்ரூஸ் ஒருவர், குர்து ஒருவர். இதில் நல்லது இருக்கிறது. முழுவதும் கண்துடைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு எல்லாம் ஷராவின் பழைய தோழர்கள் கையில்.


தாமிரபரணி (ஆர்.கே.புரம்)

எல்லாரும் உள்ளுக்குள்ளேயே பார்க்கிறீர்கள். வெளியே இருப்பவர்களை விட்டுவிட்டீர்கள். ஜூலையில் தெற்கே ஸ்வெய்தாவில் ட்ரூஸ்களுக்கும் பதூயின் பழங்குடியினருக்கும் சண்டை மூண்டு நூற்றுக்கணக்கானவர்கள் செத்தபோது, இஸ்ரேல் விமானம் வந்து டமாஸ்கஸில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீதே குண்டு போட்டது. வடக்கே துருக்கி. வடகிழக்கே குர்துப் படையோடு மார்ச் 10இல் போட்ட ஒப்பந்தம் 2025 முழுக்கக் காகிதத்திலேயே கிடந்தது. இந்த நெரிசலுக்குள் எந்த அரசு நிதானமாகக் கோப்பு புரட்டும்?


யமுனைக்கரையான் (மயூர் விஹார்)

தாமிரபரணி சார், நெரிசல் உண்மைதான். ஆனால் ஸ்வெய்தாவில் வெளியார் நுழைய வாசல் எப்படிக் கிடைத்தது? கரையோரத்தில் நடந்ததை ட்ரூஸ்கள் மார்ச்சில் பார்த்தார்கள். ஆயுதத்தை ஒப்படைத்தால் நமக்கும் இதுதான் என்று முடிவு கட்டினார்கள். தன் அரசை நம்ப முடியாதவன் பக்கத்து அரசிடம் கை நீட்டுகிறான். கரையோரக் கொலையாளிகள் ஏப்ரலிலேயே நீதிமன்றத்தில் நின்றிருந்தால் ஜூலை இப்படி ஆகியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சம்பளத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் நாடு அது. ஜூன் மாதம் அரசு ஊழியர் சம்பளத்தை 200 சதவீதம் உயர்த்தி ஆணை வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் பழைய ராணுவத்தின் லட்சக்கணக்கான ஆட்கள் இல்லை. அசாத் காலத்தில் சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து வேலைக்கே வராதவர்கள் ஏராளம் என்று புதிய நிதியமைச்சகம் ஆள்குறைப்பும் செய்தது. வெட்டியாகச் சம்பளம் வாங்கியவனை நீக்கலாம். யார் வெட்டி, யார் அலவி என்ற வித்தியாசம் கரையோரக் கிராமத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அங்கேதான் சிக்கல்.


செங்கதிர் (துவாரகா)

சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பதை லிபியா பொய்யாக்கிவிட்டது. கடாபி 2011 அக்டோபரில் செத்தார். புரட்சியில் சண்டையிட்டவர்களுக்கு மாதப் பணம் என்று அரசு அறிவித்ததும், சண்டையிட்டதைவிடப் பல மடங்கு ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். ஆயுதக் குழுக்கள் கலையவில்லை, அரசுப் பணத்தில் கொழுத்தன. 2013 மே மாதத்தில் அந்தக் குழுக்களே அமைச்சகங்களைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துகொண்டு, கடாபி ஆட்சியில் பதவி வகித்தவர் யாரும் அரசியலில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட வைத்தன. அடுத்த வருடம் நாடு இரண்டாகப் பிளந்தது.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள் என்றால் சரி. துப்பாக்கி வைத்திருப்பதற்காகவே காசு கொடுத்தால், துப்பாக்கிதான் பெருகும்.


யமுனைக்கரையான் (மயூர் விஹார்)

இதை முழுவதும் ஏற்கிறேன். தீர்வு மையத்தில் ஆயுதம் ஒப்படைத்த அட்டை இருக்கிறதல்லவா, அந்த அட்டையைக் காட்டினால் உதவித்தொகை, பயிற்சி, வேலை. ஆயுதத்தோடு வந்தால் ஒன்றும் இல்லை. புதிய அரசின் பக்கம் இருக்கும் குழுக்களுக்கும் அதே விதி. அங்கேதான் ஷரா தயங்குகிறார். தன்னைக் கொண்டுவந்த குழுக்களைப் படைப்பிரிவு என்று பெயர் மாற்றி அப்படியே உள்ளே சேர்த்துக்கொண்டார். மார்ச்சில் கரையோரத்தில் சுட்டவர்களில் சிலர் அப்படிச் சேர்ந்தவர்கள்.


வவுனியா மகள் (லஜ்பத் நகர்)

மே மாசம் இரண்டு ஆணைக்குழு அறிவிச்சவை. ஒண்டு காணாமல் போனவர்களுக்கு, மற்றது இடைக்கால நீதிக்கு. இடைக்கால நீதி ஆணைக்குழுவின்ர ஆணையை வாசிச்சுப் பாருங்கோ. பழைய ஆட்சி செய்த குற்றங்களை மட்டும் விசாரிக்கலாம். மற்றத் தரப்புகள் செய்ததுக்கு அதில இடமில்லை. இஸ்லாமிய அரசு கடத்தினவையின்ர அம்மா எங்க போறது? எதிர்த்தரப்புக் குழுக்கள் பிடிச்சுக்கொண்டு போனவையின்ர அம்மா எங்க போறது? எங்கட நாட்டிலயும் வெண்ட தரப்பு தன்ர ஆக்களைத் தானே விசாரிக்கிறம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் பதினாறு வருசம் போச்சுது. அழுகிற அம்மாவைப் பாத்து "உன்ர பிள்ளையை ஆர் பிடிச்சது" எண்டு கேட்டுப்போட்டுத்தான் கதவு திறப்பினம் எண்டால், அந்தக் கதவைத் திறந்தும் பிரயோசனமில்லை.


காயல் ஹமீது (ஓக்லா)

அக்கா சொன்னதில் ஒரு எழுத்தும் கூடுதல் இல்லை. அலெப்போவில் நவம்பரில் ஒரு வழக்கு தொடங்கியிருக்கிறது, அதை யாராவது கவனித்தீர்களா?


முனிர்க்கா மாணவி

கவனித்தேன் பாய். நவம்பர் 18இல் அலெப்போ நீதிமன்றத்தில், கரையோர வன்முறை பற்றிய முதல் பொது விசாரணை. கூண்டில் 14 பேர். ஏழு பேர் அசாத் விசுவாசிகள், ஏழு பேர் புதிய அரசின் படையைச் சேர்ந்தவர்கள். கேமராவும் செய்தியாளர்களும் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். அரசின் குழு சந்தேகப் பட்டியலில் வைத்தது அலவிகளைத் தாக்கிய பக்கம் 298 பேர், அசாத் விசுவாசிகள் பக்கம் 265 பேர். அதில் இது சின்னத் துண்டுதான். ஆனாலும் அந்த நாட்டில் தன் படையாளைத் தன் நீதிமன்றத்திலேயே, எல்லாரும் பார்க்க நிறுத்திய அரசு இதற்கு முன் இருந்ததில்லை.


பழைய டெல்லிக்காரர் (கரோல் பாக்)

இங்கே 1984 நவம்பரில் திரிலோக்புரியில் சீக்கியர்களைக் கொன்று குவித்ததை மயூர் விஹார் நண்பருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் வீட்டுக்குப் பக்கம்தான். ஆணையம் மாற்றி ஆணையம், குழு மாற்றிக் குழு. அதே நாட்களில் டெல்லியின் வேறொரு பகுதியில் நடந்த கொலைகளுக்காகக் காங்கிரஸ்காரர் சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில். 34 வருடம். இங்கே முழு ஜனநாயகம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது. ஆகவே எட்டு மாதத்தில் அலெப்போவில் கூண்டு நிரம்பியதை நான் சாதாரணமாக எண்ண மாட்டேன்.


செங்கதிர் (துவாரகா)

ஏழுக்கு ஏழு என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது ஐயா. தராசு சமமாகத் தெரிய வேண்டும் என்று எண்ணிப் பிடித்தது மாதிரி. குற்றம் அப்படிச் சரிபாதியாகப் பிரியாது. இந்த ஏழு படையாட்களும் துப்பாக்கி பிடித்த கடைசி ஆட்கள் என்றால், அவர்களை அங்கே அனுப்பிய தளபதி யார் என்ற கேள்வியை நீதிபதி கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். "வாய்மொழி உத்தரவு" என்று அவர்களும் சொன்னால்?


முனிர்க்கா மாணவி

அதைத்தான் நானும் பார்க்கப் போகிறேன் அண்ணா. தளபதியின் பெயர் நீதிமன்றக் குறிப்பில் ஏறுகிறதா, செத்தவர்களின் குடும்பத்தார் சாட்சிக் கூண்டில் ஏற முடிகிறதா, கரையோரத்திலிருந்து அலெப்போ வரை பயமில்லாமல் வந்துபோக அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா. அடுத்த அமர்வுகளின் செய்தி அரபியில் முதலில் வரும். வந்ததும் தமிழில் சுருக்கி இங்கேயே போடுகிறேன். ஹமீது பாய், மொழிபெயர்ப்பில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.


காயல் ஹமீது (ஓக்லா)

இன்ஷா அல்லாஹ். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரோடு செத்தவர்களின் பெயரும் வந்தால் அதையும் விடாமல் சேர்த்துப் போடுவோம்.